துணிவு என்னும் சொல்

பட்டப்பகலிற் கடையொன்றினுட் புகுந்து பணப்பெட்டியைத் தூக்கிச் சென்றவர்களின் செயலைப் பத்திரிகைகள் ‘துணிகரக் கொள்ளை’ என்று தலைப்பிட்டு வெளியிடுகின்றன. மூத்தோர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசிய சிறுவனை நோக்கி, “உனக்கு எவ்வளவு துணிச்சல்!” என்று தாய் கடிந்துகொள்கிறாள். மகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யலாமா, வேண்டாமா என்று பல நாள் கலங்கியிருந்து, இறுதியில் ஒப்பமிட்டுக் கொடுத்த தகப்பனைப் பற்றி அயலார், “மனிதன் துணிந்துவிட்டார்” என்று சொல்லிக்கொள்கின்றனர். முதல் இடத்திற் பழிப்பும், இரண்டாம் இடத்திற் கண்டனமும், மூன்றாம் இடத்தில் மதிப்புக் கலந்த இரக்கமும் தோன்றுகின்றன. மூன்றும் ஒரே அடியிற் பிறந்த சொற்களே. இவற்றுள் மொழியின் பழைய பொருளுக்கு மிக அண்மையில் நிற்பது அந்தத் தகப்பனைப் பற்றிய பேச்சுத்தான் என்று கூறினால் நேயர்களுட் சிலர் வியப்புறுதல் கூடும்.

துணி என்னும் அடிக்கு முதற்பொருள் வெட்டுதல் அல்லது வெட்டுண்ணுதல் என்பதாகும். தறியிலிருந்து அறுத்தெடுத்த பகுதி துணியாயிற்று. இன்று உடைக்குரிய எல்லாவகைப் புடைவைக்கும் பொதுப்பெயராக வழங்கும் அச்சொல், தொடக்கத்திற் ‘கூறு’ என்ற அளவிலேயே பொருள் தந்தது. இதே அடிக்குப் பழந்தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. கலங்கிய நீரிற் சேறு அடியிற் படிந்து நீர் வேறாய் நிற்கும்போது, அதனைத் ‘துணிநீர்’ என்று சங்கப் புலவர் வழங்கினர். சேறும் நீரும் பிரிந்தமையால் ஏற்பட்ட தெளிவு அது. வெட்டுதல், பிரிதல், தெளிதல் என்று பொருள் படிப்படியாக நகர்ந்து வந்த வழி இதனாற் புலனாகின்றது. அடுத்த படி மனத்தின்கண் நிகழ்வது. இதுவோ அதுவோ என்று ஒன்றோடொன்று கலந்து கிடந்த எண்ணங்களுள் ஒன்றைப் பிரித்தெடுத்து, “இதுவே” என்று கொள்ளுதலும் துணிதல் எனப்பட்டது. அவ்வாறு கொண்ட முடிவு துணிவு. துணிபு எனவும் படும்.

ஆதலால், பழைய இலக்கண நூல்களில் துணிவு என்னும் சொல்லுக்கு எதிர்ச்சொல் அச்சம் அன்று; ஐயமே அதன் எதிர்ச்சொல்.

இதற்கு அகப்பொருள் இலக்கணம் தருவதினும் இனிய சான்று வேறில்லை. தலைவன் ஒருவன் தனியிடத்தில் ஒரு பெண்ணைக் காண்கிறான். அந்நிலைக்குக் காட்சி என்று பெயர். அவளது பேரழகைக் கண்டு, இவள் தெய்வமகளோ, மானிட மகளோ என்று மயங்குகிறான். அது ஐயம். பின்னர், மானிட மகளே என்று தெளிகிறான். அந்தத் தெளிவுக்கு இலக்கண நூலார் இட்ட பெயர் துணிவு என்பதாகும். காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிதல் என்னும் இவ்வரிசையை நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கத்திற் காணலாம். இக்காலத்து இளைஞன் ஒருவன் இதனைக் கேட்டால், அறிமுகமில்லாத பெண்ணிடத்திற் சென்று பேசுதற்கு வேண்டிய மனவுறுதியே துணிவு போலும் என்று எண்ணிக்கொள்வான். நூலார் கருத்து அதுவன்று. தலைவன் இன்னும் நின்ற இடத்தினின்று ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. ஐயம் மட்டுமே நீங்கியிருக்கிறது.

ஐயம் நீங்குதற்குக் கருவியாவன எவை என்பதையும் தொல்காப்பியர் களவியலில் எண்ணிக் காட்டுகின்றார். அவள் சூடிய பூவை வண்டு மொய்த்தல், அணிந்த இழை, மேனியில் எழுதிய தொய்யிற்கொடி, கண்ணின் தடுமாற்றம், இமைப்பு என்பன அவற்றுட் சில. தேவர்க்குக் கண் இமையாது, மானிடர்க்கு இமைக்கும். பட்டியலின் இறுதியில் நிற்பது அச்சம். அந்நியன் ஒருவனைக் கண்ட பெண்ணின் அச்சமே, அவள் மானிடப் பெண் என்று அவன் துணிதற்கு ஒரு சான்றாகின்றது. அச்சத்தை நீக்கிப் பெறுவது துணிவு என்று கருதுகின்ற இற்றைநாளார், அச்சத்தைக் கண்டு பெறுகின்ற துணிவும் ஒருகால் தமிழில் இருந்தது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று.

சொல்லதிகாரத்திலும் இதுவே வழக்கு. மாலை மங்கிய வேளையிற் சேய்மைக்கண் ஏதோ ஓர் உருவம் தோன்றுகின்றது. அது மரக்குற்றியோ, மனிதனோ? ஐயுற்ற நிலையில் அதனை எவ்வாறு சொல்லுதல் வேண்டும், துணிந்தபின் எவ்வாறு சொல்லுதல் வேண்டும் என்று உரையாசிரியர்கள் நுணுகி ஆராய்கின்றனர். இவ்வாராய்ச்சி அமைந்த சேனாவரையர் உரையை ஆறுமுக நாவலர் பரிசோதிக்க, சி. வை. தாமோதரம்பிள்ளை 1868ஆம் ஆண்டிற் பதிப்பித்தார். யாழ்ப்பாணத்து அறிஞர் இருவரின் உழைப்பினால் அவ்வுரை அச்சேறியது. பவணந்தி முனிவரின் நன்னூலோ, ஒரு நூலாசிரியன் மேற்கொள்ளத்தக்க எழுவகை மதங்களுள், இருவர் மாறுபடக் கூறிய கொள்கைகளுள் ஒரு பக்கத்தைத் துணிதலையும் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. இங்கே துணிவு நீதிபதியின் தீர்ப்பைப் போன்றது. இரு பக்கத்தையும் கேட்டவனுக்கே அது உரியது. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டவன் முடிவு கூறலாம். ஆயின் நன்னூலார் நோக்கில் அவன் துணிந்தவன் ஆகான்.

இனித் திருக்குறளுக்கு வருவோம். வள்ளுவர் இச்சொல்லை ஆள்கின்ற இடங்கள் சொல்லின் வரலாற்றுக்கு மிகவும் இன்றியமையாதவை. வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தின் முதற்குறளில், ஆராய்ச்சியின் முடிவாவது துணிவை அடைதலே என்கிறார். அடைந்த துணிவு காலந்தாழ்த்துக் கிடத்தல் தீது என்று உடனே சேர்த்தும் சொல்கிறார். தெரிந்துசெயல்வகையில், எண்ணிய பின்னரே துணிதல் வேண்டும், துணிந்த பின்னர் எண்ணலாம் என்பது இழுக்கு என்கிறார். இரண்டு குறளிலும் துணிவுக்கு முன்னே எண்ணம் நிற்கின்றது. துணிவுக்குப் பின்னே செயல் நிற்கின்றது. இரண்டுக்கும் நடுவே உள்ள வெட்டுவாயே துணிவு. வெட்டிய துணியை மீண்டும் தறியோடு சேர்த்தல் இயலாது. அதுபோலவே, துணிந்தபின் எண்ணுதலாற் பயனில்லை. சொல்லின் வேர்ப்பொருளை வள்ளுவர் நினைத்தே அவ்வாறு பாடினாரோ என்று ஆராய்தல் மிகையாகலாம். ஆயினும் அவ்வேர் அக்குறளின் அடியிற் கிடப்பதைக் காணாது விடுதலும் இயலாது.

இறைமாட்சி என்னும் அதிகாரத்தில் இதனினும் நுட்பமான ஒரு சான்று உண்டு. அரசனுக்கு வேண்டிய இயல்புகளைக் கூறும் இரண்டாங் குறளில் அஞ்சாமையை முதலில் வைத்து, ஈகை, அறிவு, ஊக்கம் என்பவற்றைப் பின்னர் வைக்கிறார். அடுத்த குறளிலேயே தூங்காமை, கல்வி என்பவற்றோடு துணிவுடைமையை எண்ணுகிறார். அஞ்சாமையும் துணிவுடைமையும் ஒன்றாயின், சொற்சுருக்கத்திற் பேர்போன அப்புலவர் அடுத்தடுத்த குறட்பாக்களில் ஒன்றையே இருமுறை கூறியிருப்பாரா? பரிமேலழகர் இவ்விடத்தில் துணிவுடைமைக்கு ஆண்மையுடைமை என்று பொருள் எழுதுகின்றார். எழுதியவர் அவ்வளவில் அமையவில்லை. ஒன்றையும் பொருட்படுத்தாது விரைந்து செய்தலாகிய ஆண்மை, இங்கு உபசார வழக்காகத் துணிவு எனப்பட்டது என்று காரணமும் காட்டுகின்றார். 13ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவராகக் கருதப்படும் அப்பேருரையாளருக்குத் துணிவு என்ற மாத்திரத்தில் வீரம் என்னும் பொருள் இயல்பாக நினைவில் எழவில்லை. அப்பொருளுக்கு விளக்கம் வேண்டியிருந்தது என்பது இதனாற் பெறப்படும். இன்று விளக்கம் வேண்டப்படுவது மற்றைப் பொருளுக்கு அன்றோ!

அங்ஙனமாயின் பழந்தமிழர் வீரத்தை எச்சொல்லாற் சுட்டினர்? அவர்களிடம் சொற்களுக்குக் குறைவில்லை. மறம் இருந்தது, தறுகண் இருந்தது, அஞ்சாமை, உரன் என்பன இருந்தன. தறுகண் என்பது அஞ்சாத நோக்கு. களிற்றுக்கும், பன்றிக்கும், புலிக்கும் அது அடையாக வரும். தொல்காப்பியர் பெருமிதம் என்னும் மெய்ப்பாடு தோன்றும் நான்கு நிலைக்களங்களுள் தறுகணையும் ஒன்றாக வைத்து, கல்வி, புகழ், கொடை என்பவற்றுக்குச் சரியாசனம் கொடுத்தார். மறம் போர்க்குடியின் அறமாகவே போற்றப்பட்டது. ஆனால் இச்சொற்களின் பிற்காலம் நன்றாக அமையவில்லை. அறத்துக்கு எதிராக வைத்து எண்ணப்பட்டமையால் மறம், பாவத்தையும் கொடுமையையும் குறிக்கலாயிற்று. தறுகண்ணனும் காலப்போக்கிற் கொடியவன் ஆயினான். போரையே வாழ்க்கையாகக் கொண்ட காலம் கழிந்தபின், போரின் சொற்களும் மக்கள் மதிப்பிலிருந்து இறங்கின என்று கொள்வதே பொருத்தமாகும்.

வெறுமையான இடத்துக்கு இரு சொற்கள் வந்தன. ஒன்று வடமொழியிலிருந்து வந்த தைரியம். தீரன் என்னும் சொல்லோடு தொடர்புடைய அதற்கு வடமொழியில் நிலைபேறு, கலங்காமை என்பனவே பொருள். கலங்குதற்குரிய காரணம் எதிர்ப்பட்டும் மனம் கலங்காதவனே தீரன் என்பது வடமொழிப் புலவர் கொள்கை. சிங்கள மொழியிலும் இச்சொல் புகுந்து மனத்திட்பத்தையும் ஊக்கத்தையும் குறித்து வழங்குகின்றது. மற்றையது துணிவு. முடிவு என்னும் பொருளிலிருந்து மெல்ல எழுந்து, முடிவு செய்தற்கு வேண்டிய மனவலிமையைக் குறித்து, பின் மனவலிமையை மட்டுமே குறிக்கும் நிலையை அது அடைந்தது. இன்று இரண்டு சொற்களையும் ஒரே பொருளனவாக மாற்றி மாற்றி எழுதுகின்றனர். ஆயின், பேச்சுவழக்கு அவற்றின் வேற்றுமையை இன்னும் மறக்கவில்லை. துயருற்றவனுக்குத் தைரியம் சொல்லலாம். ‘துணிவு சொல்லுதல்’ என்று ஒரு வழக்கு இல்லை. கலங்கிய மனத்தை ஆற்றுதல் பிறரால் இயலும். ஐயத்தை வெட்டி ஒரு பக்கம் சாய்தல் அவனவன் தானே செய்துகொள்ள வேண்டியது.

“துணிந்தவனுக்குச் சமுத்திரமும் முழங்கால் மட்டம்” என்றொரு பழமொழி உண்டு. கரையில் இருப்பவர்கள் ஆக்கிய பழமொழி என்றே அதனைக் கொள்ளல் வேண்டும். கடலோடிகள் கடலை முழங்கால் மட்டமாக ஒருநாளும் எண்ணியதில்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கராகிய றொபின்சன் வாங்கி, வேறு பெயர் சூட்டினார். அவ்வூர் மாலுமிகள் அதனைச் செலுத்திக்கொண்டு 1937ஆம் ஆண்டிற் புறப்பட்டு, சுயஸ் கால்வாய் வழியாகவும் அத்திலாந்திக் சமுத்திரத்தினூடாகவும் சென்று, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தனர். கப்பலின் நீளம் ஏறக்குறைய 89 அடி. இத்தகைய பயணத்தை வெறும் நெஞ்சுரத்தின் வெற்றி என்று கூறுதல் அந்த மாலுமிகளுக்குச் செய்யும் மதிப்பாகாது. வாடை தணிந்து சோழகம் எழுகின்ற காலத்தையும், நீரோட்டத்தையும், பாய் தாங்கும் பாரத்தையும் அறிந்து, “இன்று பாய் விரிக்கலாம்” அல்லது “இன்று வேண்டாம்” என்று சொல்லுகின்றவனே தண்டையல். வேண்டாம் என்பதும் ஒரு துணிவே. பழமொழியில் அதற்கு இடமில்லை.

துணிவிலிருந்து எண்ணம் கழன்றுபோனால் எஞ்சுவது யாது? அதனைச் சிலப்பதிகாரம் காட்டுவதுபோல வேறெந்த நூலும் காட்டவில்லை.

பாண்டியன், ஊடிச் சென்ற தேவியைத் தணிவிக்கும் எண்ணத்தோடு அந்தப்புரத்துக்குப் போகின்றான். வழியிற் பொற்கொல்லன் காலில் விழுந்து, சிலம்பு திருடிய கள்வன் தன் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அரசன் நின்று கேட்கவில்லை, சாட்சி வேண்டவில்லை. சிலம்பு அவன் கையகத்ததாயின் கொன்று கொணர்க என்று காவலரை ஏவுகின்றான். அவன் மனத்தில் ஐயம் எழுதற்கே நேரமிருக்கவில்லை. ஐயம் எழாத இடத்திற் பழைய இலக்கணப்படி துணிவும் நிகழ்ந்திராது. நிகழ்ந்தது கட்டளை மட்டுமே. காவலர் சென்று கோவலனைப் பார்க்கின்றனர். அவர்களுள் அறிவுடையோர்க்கு ஐயம் பிறக்கின்றது. இவனது தோற்றம் கொலைக்குரிய கள்வனின் தோற்றமன்று என்கின்றனர். பொற்கொல்லனோ களவு நூல் கூறும் துணைகள் எட்டையும் விரித்துரைத்து அவர்களை மயக்குகின்றான். மந்திரம் என்கிறான், மருந்து என்கிறான், நிமித்தம் என்கிறான். காவலன் ஒருவன் தான் முன்னர்க் கண்ட கள்வன் ஒருவனின் கதையைச் சொல்லி, செய்வது யாதென்று தயங்கி நிற்கிறான். இவ்வாறு ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, கல்வியறிவற்ற களிமகன் ஒருவன் கைவாளை எறிந்துவிடுகின்றான். வாள் உடலைக் குறுக்கே அறுத்துச் செல்கின்றது.

அங்கே நின்றவர்களுள் ‘துணிச்சல்’ உடையவன் யார் என்று இன்றைய வழக்கிற் கேட்டால், அந்தக் களிமகனையே காட்டல் வேண்டும். துணி என்னும் சொல்லின் முதற்பொருளாகிய வெட்டுதலை மட்டும் அவன் செய்தான். ஏனைப் பொருள்களுள் ஒன்றேனும் அவனிடத்தில் இல்லை. பின்னர் அரசவைக்கு வந்த கண்ணகி, பாண்டியனைக் கோழை என்றோ கொடியவன் என்றோ முதலிற் சொல்லவில்லை; ஆராய்ந்து பாராத மன்னன் என்றே விளித்தாள். அவளது குற்றச்சாட்டு முழுவதும் அந்த ஒரு விளியினுள் அடங்கியிருக்கிறது. அதன்பின் அவள் செய்தது ஆராய்ச்சியே. தன் சிலம்பினுள் இருக்கும் பரல் மாணிக்கம் என்று உரைத்து, தேவியின் சிலம்பிற் பரல் முத்து என்ற மறுமொழியை அரசன் வாயாலேயே வருவித்து, தன் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டினாள். ஆவேசம் கொண்டு வந்தவள் என்று அவளைச் சித்திரிப்போர், வழக்காடிய அந்த ஒழுங்கைக் கவனித்தல் நலம். மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகையம்மன் கோயில்களில் வைகாசித் திங்களிற் படிக்கப்பெறும் காவியத்துக்குக் ‘கண்ணகி வழக்குரை’ என்று பெயர் அமைந்திருப்பதும் கருதத்தக்கது. மதுரையை எரித்த கதையாயினும், மக்கள் அதற்கு இட்ட பெயர் வழக்கு உரைத்தலைப் பற்றியது.

துணிச்சல், துணிகரம் என்னும் சொற்களைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அலைச்சல், கரைச்சல், குடைச்சல் என்பனபோலச் சகர ஈறு பெற்று வந்த துணிச்சல், அவற்றைப் போலவே சிறிது சலிப்பான ஓசையையும் பெற்றுவிட்டது. புகழ்ச்சியாகவும் அதனை எழுதுவாருளர்; ஆயின், “என்ன துணிச்சல்!” என்று வியப்போர் பெரும்பாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டே வியக்கின்றனர். துணிகரம் திருடருக்கென்றே ஒதுக்கப்பட்டதுபோல் ஆயிற்று. காவலிருப்போர் பார்த்திருக்க நிகழ்ந்த களவுக்கு அச்சொல்லைச் சூட்டும் செய்தியாளர், அக்கள்வர் பல நாள் எண்ணித் திட்டமிட்டுத்தான் வந்தனர் என்பதையும் சில வேளைகளில் அதே செய்தியில் எழுதிவிடுவதுண்டு. அப்போது மட்டும் பழைய பொருளும் புதிய பொருளும் எதிர்பாராத வகையில் ஓரிடத்திற் கூடிவிடுகின்றன.

பழைய பொருள் சிதையாமல் வாழ்கின்ற இடமொன்று இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் உண்டு. தமிழ்நாட்டார் துகள் என்று எழுதும் நுண்கூற்றை இந்நாட்டு விஞ்ஞானப் பாடநூல்கள் துணிக்கை என்று வழங்குகின்றன. வெட்டிப் பிரித்த சிறு கூறு என்னும் மூலப்பொருள் அதில் அப்படியே நிற்கின்றது. தமிழ்நாட்டிலே அணிக்கோவை எனப்படுவதைக் கணித ஆசிரியர்கள் இங்கே துணிகோவை என்பர். துணிதலுக்கு முடிவு காணுதல் என்று பொருள்கொண்டு ஆக்கிய பெயர் அது. ஒருங்கமை சமன்பாடுகள் சிலவற்றைக் கரும்பலகையில் எழுதி, இவற்றுக்குத் தனித்த தீர்வு உண்டோ இல்லையோ என்று ஆசிரியர் வினவினால், நன்கு பயின்ற மாணவன் உடனே விடை கூறுவதில்லை. முதலில் எண்களை நிரைப்படுத்தித் துணிகோவையின் பெறுமானம் பூச்சியமாகின்றதோ என்று கணித்துப் பார்க்கின்றான்.